முதல் பாவிலிருந்து முதல் வேலை வரை: ஜவுளி வடிவமைப்பு மாணவருக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜவுளி வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேருபவர்களில் பலர், ஓவியம் நன்றாக வருகிறது, நிறங்கள் பிடிக்கும், துணி என்றால் ஆசை என்ற காரணங்களோடுதான் வருகிறார்கள். மூன்று, நான்கு வருடம் கழித்து வேலைக்கான நேர்காணலில் உட்காரும்போது எதிரில் இருப்பவர் ஒரு துணித் துண்டைக் கையில் எடுத்து, "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பார். நூல் என்ன, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை, சாயம் எவ்வளவு போட்டீர்கள், துவைத்த பிறகு எவ்வளவு சுருங்கியது, இதையே நாளைக்கு இன்னும் ஐந்து மீட்டர் செய்ய முடியுமா? இதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: மாதிரித் துணிகளும், அவற்றோடு சேர்த்து நீங்கள் எழுதி வைக்கும் குறிப்புகளும்.

சேரும் முன்: பட்டறையைப் போய்ப் பாருங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜவுளிப் பொறியியல் என்பது இழை, இயந்திரம், உற்பத்தி பற்றிய படிப்பு. ஆடை வடிவமைப்பில் துணியை வெட்டித் தைத்து உடலுக்கு ஏற்றதாக்குவார்கள். ஜவுளி வடிவமைப்பு என்பது அந்தத் துணியையே உருவாக்குவது. நெசவு, பின்னல், அச்சு, எம்பிராய்டரி என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நான்கு பிரிவுகள் இருக்கும். மூன்று படிப்புகளின் மாணவர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கலாம். ஆனால் அவர்கள் நாளைக் கழிக்கும் விதம் முற்றிலும் வேறு.

எங்கே படிப்பது? அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன், லண்டனில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ், முதுகலைக்கு ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட், ஆலை அளவு இயந்திரங்கள் உள்ள ஸ்வீடனின் போராஸ் ஜவுளிப் பள்ளி, பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம், 1961-இல் தொடங்கிய அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன் என்று பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. பெயர் பெறாத நல்ல இடங்களும் நிறைய. தரவரிசைப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். முடியாவிட்டால் அங்கே படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள்.

கேட்க வேண்டியவை இவை. ஒரு தறிக்கு எத்தனை மாணவர்கள்? மாலையிலும் வார இறுதியிலும் பட்டறை திறந்திருக்குமா? முழுநேர டெக்னீஷியன் இருக்கிறாரா? சாய ஆய்வகம் தனியாக இருக்கிறதா? நூலுக்கும் அச்சிடும் ஸ்கிரீனுக்கும் மாணவர் பணம் கட்ட வேண்டுமா? படிப்பின் நடுவே நிறுவனத்தில் வேலை செய்ய ஒரு வருடமோ ஒரு பருவமோ ஒதுக்கியிருக்கிறார்களா? அப்புறம் சுவரில் மாட்டியிருக்கும் மாணவர் வேலைகளைக் கவனியுங்கள். எல்லாமே ஒருவர் செய்தது போல இருந்தால், அங்கே ஆசிரியரின் ரசனைதான் ஆட்சி செய்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிக்கலான வடிவங்களை நெய்யும் புது ஜக்கார்டு இயந்திரம் உறை போட்டு மூடியிருந்தால், யார் கடைசியாக அதை ஓட்டினார்கள் என்று தயங்காமல் கேட்கலாம்.

சேர்க்கைக்கான போர்ட்ஃபோலியோவில் நீங்கள் நெய்த துணி இருக்க வேண்டும் என்று பொதுவாக யாரும் எதிர்பார்ப்பதில்லை. கவனித்து வரைந்த படங்கள், நிறக் கலவைச் சோதனைகள், காகிதத்தையும் கயிற்றையும் மடித்துப் பார்த்த முயற்சிகள் ஆகியவை போதும். முடிந்த படத்துக்கு முன்னால் வந்த பத்து முயற்சிகளையும் சேர்த்து வையுங்கள். தேர்வு செய்பவர்கள் அதைத்தான் அதிக நேரம் புரட்டுவார்கள்.

முதல் மாதம்

பட்டறையில் நீங்கள் முதலில் பெயர் தெரிந்துகொள்ள வேண்டியவர் டெக்னீஷியன். ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரம்தான் வருவார். இழை அறுந்து, சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்து, ஸ்கிரீன் அடைத்துக்கொண்டு நீங்கள் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பது டெக்னீஷியன்தான். அவர் சொன்ன இடத்தில் பொருளைத் திரும்ப வைப்பது, முன்பதிவு செய்த நேரத்துக்கு வருவது, மேசையைத் துடைத்துவிட்டுப் போவது ஆகிய மூன்றையும் செய்தால் போதும். மூன்று வருடமும் அவர் உங்களுக்குத் துணை நிற்பார்.

சொந்தமாக வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: இழை எண்ண உதவும் மடக்குக் கண்ணாடி, துணிக்கு மட்டுமான கத்தரிக்கோல், அளவு நாடா, தறி அச்சில் (இழைகளைச் சீராகப் பிரித்து வைக்கும் சீப்பு போன்ற பகுதி) இழை கோர்க்கும் கொக்கி, கையுறை, முகக்கவசம், ஏப்ரன், கெட்டி அட்டைப் போட்ட பெரிய நோட்டு. முகக்கவசத்தைச் சும்மா சொல்லவில்லை. ரியாக்டிவ் சாயப் பொடியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் சாய ஆய்வகத்தில் வேலை செய்வதே கஷ்டம். பொடியை அளக்கும்போது முகக்கவசம் போடுங்கள். கரைசலாக்கி வைத்துக்கொண்டு பிறகு வேலை செய்யுங்கள்.

இழையைக் கண்டுபிடிக்கும் எரிப்புச் சோதனையையும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். டெக்னீஷியன் பக்கத்தில் இருக்கும்போது, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே செய்ய வேண்டும். பருத்தி காகிதம் எரிவதுபோல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி முடி கருகும் வாசனை தரும், நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பட்டறை மூலையில் பெயர் இல்லாமல் கிடக்கும் நூல் கண்டுகளை நம்பிப் பயன்படுத்த இது எளிய வழி.

மாதிரி நோட்டு

என் இரண்டாம் வருடத்தில் ஒரு சாம்பல் கலந்த நீலம் கிடைத்தது. கம்பளி நூலில் நான் அதுவரை பார்க்காத நிறம். ஆசிரியர் பார்த்துவிட்டு, இதே நிறத்தில் ஒரு சால்வை அளவுக்கு நெய்து வா என்றார். எந்தச் சாயம் எவ்வளவு போட்டேன் என்று எழுதி வைக்கவில்லை. ஏதோ ஒரு கரைசலின் மிச்சத்தைக் கடைசியில் ஊற்றினேன் என்பது மட்டும் நினைவிருந்தது. இரண்டு வாரம் முயன்றும் அந்த நீலம் திரும்ப வரவேயில்லை. அந்தச் சிறு நூல் சிட்டம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றிலிருந்து எழுதாமல் எதையும் சாயத்தில் முக்குவதில்லை.

என்ன எழுத வேண்டும்? சாயத்திலிருந்து தொடங்கலாம். சாயத்தின் அளவை எப்போதும் உலர்ந்த நூலின் எடையில் இத்தனை சதவீதம் என்று எழுதுவதுதான் தொழிலில் எல்லோரும் பின்பற்றும் முறை. 50 கிராம் நூலுக்கு 2 சதவீதச் சாயம் என்றால் 1 கிராம் பொடி. அவ்வளவு சின்ன அளவைத் துல்லியமாக நிறுப்பது கடினம் என்பதால், 100 மி.லி. தண்ணீரில் 1 கிராம் கரைத்த 1 சதவீதக் கரைசல் வைத்திருப்போம். அதில் 100 மி.லி. எடுத்தால் கணக்கு சரி. நூலின் எடைக்கு 20 மடங்கு தண்ணீர் என்று வைத்தால் சாய நீர் மொத்தம் 1 லிட்டர். இதோடு வெப்பநிலை, எத்தனை நிமிடம், உப்பு அல்லது சோடா அல்லது அமிலம் எவ்வளவு, எந்த நேரத்தில் சேர்த்தீர்கள் என்பதையும் குறித்து, கீழே நூலைக் கட்டி ஒட்டிவிடுங்கள். ஒரே சாயம் பருத்தியில் ஒரு மாதிரியும் விஸ்கோஸில் இன்னொரு மாதிரியும் விழும். எனவே ஒவ்வொரு முறையும் வேறு வேறு இழைகளில் நாலைந்து சிறு துண்டுகளைச் சேர்த்து முக்கிவிடுவது நல்ல பழக்கம்.

நெசவுக்கு வந்தால் கணக்கு இன்னும் முக்கியம். 20 செ.மீ. அகலம், ஒரு செ.மீ.க்கு 12 இழை என்றால் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகளுக்கு, 240 இழை. தறியில் கட்டவும் முடிக்கவும் வீணாகும் நீளத்தையும் சேர்த்துப் பாவின் நீளம் 2.5 மீட்டர் என்று வையுங்கள். 240 இழைக்கு 600 மீட்டர் நூல் தேவை. டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 50 டெக்ஸ் நூல் என்றால் 600 மீட்டருக்கு 30 கிராம். குறுக்கே ஓடும் ஊடைக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். பருத்தி ஆலைக்குப் போனால் கவுண்ட் என்பார்கள், செயற்கை இழைக்காரர்கள் டெனியர் என்பார்கள். டெனியர் என்பது 9000 மீட்டரின் எடை. பருத்திக் கவுண்டில் எண் கூடக் கூட நூல் மெலியும், மற்ற இரண்டிலும் எண் கூடினால் நூல் தடிக்கும். இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தெரிந்த மாணவரிடம் ஆலைக்காரர்கள் பேசும் தொனியே மாறிவிடும்.

பிறகு விழுதில் (பாவு இழையை ஏற்றி இறக்கும் கண்ணிகள்) கோர்த்த வரிசை, தறி அச்சின் அடர்த்தி, விழுதுகளைத் தாங்கும் எந்தச் சட்டம் எப்போது ஏறியது, ஊடை ஒரு செ.மீ.க்கு எத்தனை என்பதையும் எழுதுங்கள். துணியைத் தறியிலிருந்து இறக்கியதும் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு முடிச்சுகள் போட்டு அடையாளம் வையுங்கள். துவைத்து உலர்த்தியபின் அந்த இடைவெளி 9.2 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 8 சதவீதம். துவைக்காத துணி பாதிதான் முடிந்த துணி. தறியில் விறைப்பாக இருந்தது தண்ணீர் பட்டதும் மெத்தென்று ஆகும். எதிர்பார்த்த கோடுகள் மறையும், எதிர்பாராத சுருக்கங்கள் எழும். எனவே ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாக வெட்டி, ஒன்றைத் துவைக்காமலும் ஒன்றைத் துவைத்தும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

தோற்றுப்போன மாதிரிகளையும் ஒட்டுங்கள். ஏன் தோற்றது என்று ஒரு வரி எழுதினால் போதும். மூன்றாம் வருடத்தில் அந்த வரிகள்தான் உங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

எந்தப் பிரிவு?

முதல் வருடத்தில் பொதுவாக எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பீர்கள். அப்புறம் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எது அழகாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த வகைப் பொறுமை உங்களிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

நெசவில் காத்திருப்பு முன்னாலேயே வந்துவிடும். பாவு ஓட்டி, சுற்றி, விழுதிலும் அச்சிலும் ஒவ்வொரு இழையாகக் கோர்த்து முடிக்க ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும். ஓர் இழை இடம் மாறினால் அது கடைசி வரை கோடாகத் தெரியும். ஆனால் பாவு ஏறிவிட்டால் ஊடையை மாற்றி, மிதியை மாற்றி, ஒரே நாளில் பத்து மாதிரிகள் எடுக்கலாம். எட்டு, பதினாறு, இருபத்து நான்கு சட்டத் தறிகளில் தொடங்கி ஜக்கார்டு வரை போவீர்கள். ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக ஏற்ற முடிவதுதான் ஜக்கார்டின் சக்தி. 1804-இல் ஜோசஃப் மேரி ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளால் செய்ததை, இன்று பல்கலைக்கழகப் பட்டறைகளில் உள்ள நார்வே நாட்டு டிசி2 கைத்தறி கம்ப்யூட்டர் கோப்பிலிருந்து செய்கிறது.

பின்னலில் விடை உடனே தெரியும். நூலைப் போட்டுக் கைப்பிடியை நகர்த்தினால் துணி வந்துகொண்டே இருக்கும். ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதை கேஜ் என்பார்கள். 5 கேஜ் என்றால் தடித்த ஸ்வெட்டர், 12 கேஜ் என்றால் மெல்லிய துணி. துணியும் வடிவமும் ஒரே நேரத்தில் பிறப்பதால் ஆடையை முழுதாகவே பின்னிவிடலாம். ஜப்பானின் ஷிமா செய்கி, ஜெர்மனியின் ஸ்டோல் ஆகிய இரண்டு நிறுவனங்களின் கணினிப் பின்னல் இயந்திரங்களில் ஒன்றையாவது நிரல் எழுதி ஓட்டத் தெரிந்த பட்டதாரிகளுக்கு வேலைச் சந்தையில் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. கணக்கும் தர்க்கமும் பிடித்தவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தால் நன்றாக வருவார்கள்.

அச்சு ஓவியர்களை ஈர்க்கும். ஆனால் அங்கே உண்மையான பாடம் திரும்ப வரும் அலகு. உங்கள் படம் மேலும் கீழும் பக்கத்திலும் தொடரும்போது எங்கே வெட்டுத் தெரிகிறது, எங்கே வேண்டாத கோடு உருவாகிறது என்று பார்க்கக் கண் பழக வேண்டும். பாதி இறக்கி அடுக்கும் முறை பல கோடுகளை மறைத்துவிடும். ஆலைகளில் உள்ள சுழல் ஸ்கிரீனின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. என்பதால், அலகின் உயரம் 64-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்ணாக இருப்பது வசதி: 64, 32, 16. டிஜிட்டல் அச்சில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, நிற எண்ணிக்கைக்கும் வரம்பு இல்லை. ஆனாலும் ஸ்கிரீனில் மூன்று நிறத்தில் வேலை செய்து பழகியவர்களின் டிஜிட்டல் வேலையில் தெளிவு இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

எம்பிராய்டரியும் கலப்புப் பொருள் வேலையும் மற்ற மூன்றோடும் சேர்ந்து போகும். மேடை உடைகளுக்கும் உயர் ஆடை நிறுவனங்களுக்கும் போக நினைப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

வருடத்தின் ஓட்டம்

ஒவ்வொரு பருவத்திலும் கடைசி மூன்று வாரம் எல்லோருக்கும் எல்லாத் தறியும் வேண்டும். அச்சு மேசைக்கு வரிசை, நீராவிப் பெட்டிக்கு வரிசை, தையல் இயந்திரத்துக்கும் வரிசை. இது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஆச்சரியப்படுகிறார்கள். சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புகைப்படத்துக்கு 3 நாள், துவைத்து இஸ்திரி போட 2 நாள், நெய்ய ஒரு வாரம், பாவு ஏற்ற 3 நாள், சாயத்துக்கு ஒரு வாரம், நூல் வந்து சேர இரண்டு வாரம். ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே பருவத்தின் இரண்டாவது வாரத்திலேயே நூலை ஆர்டர் செய்துவிடுங்கள்.

விமர்சன அமர்வு பலருக்கும் பயம். வேலையைச் சுவரில் மாட்டி எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். நான் சொல்வது இதுதான்: உங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது நண்பர் ஒருவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். அவருடைய முறை வரும்போது நீங்கள் எடுங்கள். அந்த நேரத்தில் காதில் விழுவதெல்லாம் குறையாகத்தான் தோன்றும். மறுநாள் காகிதத்தில் படித்தால் அதில் மூன்று நல்ல யோசனைகளாவது இருக்கும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். தறியில் குனிந்தபடி ஆறு மணி நேரம் கோர்ப்பது முதுகுக்கும் கண்ணுக்கும் கெடுதி. பக்கவாட்டு விளக்கை வைத்துக்கொண்டு, 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். செலவு விஷயத்தில், முந்தைய மாணவர்கள் விட்டுப்போன நூல், ஆலைகளின் மிச்சக் கூம்புகள், இரண்டு பேர் சேர்ந்து ஏற்றும் ஒரே பாவு ஆகிய மூன்றும் நிறைய மிச்சப்படுத்தும். ஒரு பாவில் இருவர் மாறி மாறி நெய்தால் இரண்டு வேறு மனங்கள் ஒரே இழைகளை எப்படிக் கையாள்கின்றன என்பதையும் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் பற்றிச் சுருக்கமாக: ஃபோட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் எல்லா இடத்திலும் எதிர்பார்க்கிறார்கள். நெட்கிராஃபிக்ஸ், ஸ்காட்வீவ் போன்ற ஜவுளி மென்பொருள்களில் ஒன்றைப் பல்கலைக்கழக உரிமம் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். வெளியே போனபின் சொந்தமாக வாங்குவது செலவு.

பழைய துணிகளிடம் போங்கள்

வரலாற்று வகுப்பைத் தூங்கும் நேரமாக நினைப்பவர்கள் இழப்பது நிறைய. 1856-இல் லண்டனில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த 18 வயது மாணவர் வில்லியம் ஹென்றி பெர்கின், வீட்டு ஆய்வகத்தில் மலேரியா மருந்தான குவினைன் செய்ய முயன்று தோற்றார். குடுவையில் மிஞ்சிய கறுப்புப் படிவை வீசாமல் கரைத்துப் பார்த்தபோது ஊதா நிறம் வந்தது. முதல் வணிகச் செயற்கைச் சாயம் அதுதான். பட்டுத் துண்டு ஒன்றை அதில் முக்கி, ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் இருந்த புல்லர் என்ற சாயத் தொழில் நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். நம்பிக்கையான பதில் வந்தது. அதன்பின்தான் தொழிற்சாலை தொடங்கத் துணிந்தார். சரியாக நூறு வருடம் கழித்து, 1956-இல், பருத்தியோடு வேதிப் பிணைப்பாகவே சேரும் ரியாக்டிவ் சாயங்கள் சந்தைக்கு வந்தன. நீங்கள் ஆய்வகத்தில் தினமும் கரைப்பவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

புத்தகப் படம் மட்டும் போதாது, துணியை நேரில் பார்க்க வேண்டும். அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்காத துணிகளை முன்பதிவு செய்து ஆய்வு அறையில் பார்க்கும் வசதி பல இடங்களில் உண்டு. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கிழக்கு லண்டன் சேமிப்பகம் 2025-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. விரும்பும் பொருளைக் கேட்டு எடுத்து வைத்துப் பார்க்கலாம். பயணம் போக முடியாதவர்களுக்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-லிருந்து பதிப்புரிமை தீர்ந்த படைப்புகளின் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் சில துணிகளில் இழைகளைக்கூட எண்ணலாம். எண்ணி, தறியில் அதைத் திரும்ப நெய்ய முயலுங்கள். ஒரு பழைய துணியை இழை பிரித்துப் புரிந்துகொள்வது ஒரு பருவத்துப் பாடத்துக்குச் சமம்.

வாய்ப்புகளைத் தேடிப் போவது

இரண்டாம் வருடத்தில் தொடங்குங்கள். மூன்று கதவுகள் இருக்கின்றன.

ஒன்று, மாணவர் பரிமாற்றம். ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் போன்ற திட்டங்களும், பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் ஒரு பருவம் வேறு நாட்டில் படிக்க வழி செய்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லாத இயந்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே போவதுதான் நல்ல கணக்கு.

இரண்டாவது, வணிகக் கண்காட்சிகள். ஜனவரியில் பிராங்க்ஃபர்ட்டில் வீட்டு ஜவுளிக்கான ஹைம்டெக்ஸ்டில், பாரிஸில் ஆடைத் துணிகளுக்கான பிரீமியர் விஷன், புளோரன்ஸில் பின்னல் நூலுக்கான பிட்டி ஃபிலாட்டி ஆகியவை தொழிலின் பெரிய சந்திப்புகள். மாணவர்களை எந்த நாளில், எந்தக் கட்டணத்தில் உள்ளே விடுகிறார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறையும் கடைசி நாளில் விற்பனையாளர்கள் நிதானமாகப் பேசுவார்கள். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். வடிவமைப்புத் திருட்டு அங்கே எல்லோருக்கும் பெரிய கவலை. லண்டனில் 1985-லிருந்து வருடாவருடம் நடக்கும் நியூ டிசைனர்ஸ் போன்ற பட்டதாரிக் கண்காட்சிகளுக்கு, நீங்கள் பங்கேற்பதற்கு ஒரு வருடம் முன்பே பார்வையாளராகப் போய்வாருங்கள். யாருடைய மேசையில் கூட்டம் நிற்கிறது, ஏன் என்று பாருங்கள். தொட்டுப் பார்க்க விட்டவர்களின் மேசையில்தான் பெரும்பாலும் நிற்பார்கள்.

மூன்றாவது, இன்டர்ன்ஷிப். ஆலையின் வடிவமைப்புப் பிரிவு, அச்சு ஓவியங்களை விற்கும் ஸ்டுடியோ, கார் உள்ளலங்காரத் துணி, விளையாட்டு உடை, நாடக ஆடையரங்கம், பழைய ஜவுளிகளைப் பாதுகாக்கும் ஆய்வகம் என்று இடங்கள் பல. மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும். அவர்களுடைய எந்த வேலையைப் பார்த்தீர்கள், உங்களால் எதைச் செய்ய முடியும், எந்த மாதங்களில் வர முடியும் என்று எழுதி, நாலைந்து படங்கள் உள்ள ஒரு பிடிஎஃப் இணையுங்கள். முகவரி கிடைத்தால் ஒரு சின்ன மாதிரித் துணியைத் தபாலிலும் அனுப்புங்கள். பெர்கின் செய்ததும் அதுதானே. மின்னஞ்சலை மறந்துவிடுவார்கள், மேசையில் கிடக்கும் துணியை யாராவது எடுத்துத் தடவிப் பார்ப்பார்கள்.

போகும் முன் மூன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: சம்பளம் உண்டா, என்ன வேலை, நீங்கள் செய்யும் வடிவங்கள் யாருக்குச் சொந்தம். ஒரு வடிவத்தை முழுதாக விற்பதும் உரிமம் கொடுப்பதும் வேறு வேறு. முழுதாக விற்றால் பொதுவாக வடிவத்தின் உரிமையும் வாங்கியவருக்குப் போய்விடும். உரிமம் கொடுத்தால் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். போட்டிகளில் கலந்துகொள்ளும்போதும் விதிமுறையில் இந்தப் பகுதியைப் படியுங்கள். தோற்றவர்களின் வடிவங்களையும் தங்களுடையதாக்கிக்கொள்ளும் போட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இறுதி வருடம்

இறுதித் தொகுப்புக்கு ஒரு நல்ல முன்மாதிரியாக நான் எப்போதும் சொல்வது ஆன்னி ஆல்பர்ஸின் மாணவ வேலை. 1922-இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பிவந்தார்கள். அவரும் விருப்பமில்லாமல்தான் தறிக்கு வந்தார். 1930-இல் பட்டயத்துக்காக அவர் செய்தது பெர்னாவ் என்ற ஊரில் கட்டிய தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கச் சுவருக்கான துணி. ஒரு பக்கம் ஒலியை உறிஞ்ச வேண்டும், இன்னொரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும். பருத்தியோடு செல்லோஃபேனைச் சேர்த்து நெய்து இரண்டையும் ஒரே துணியில் சாதித்தார். 1949-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்ட முதல் ஜவுளி வடிவமைப்பாளரும் அவரே.

அந்த வேலையில் கவனிக்க வேண்டியது: இடம் தெரியும், தேவை தெரியும், பொருள் அதற்கேற்ப வந்தது. "இயற்கையும் நினைவுகளும்" என்று தலைப்பு வைத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று மாதம் போக்கும் மாணவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. யார் பயன்படுத்துவார்கள், எங்கே தொங்கும், யார் துவைப்பார்கள் என்று முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். நிறமும் வடிவமும் அதிலிருந்து வரட்டும்.

இருக்கைத் துணி என்று சொன்னால் தேய்மானச் சோதனை செய்து பாருங்கள். மார்ட்டின்டேல் இயந்திரம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கும். சாயம் துவைப்பில் எவ்வளவு இறங்குகிறது என்பதைச் சாம்பல் நிற அளவுகோலில் 1 முதல் 5 வரையும், வெயிலில் எவ்வளவு மங்குகிறது என்பதை நீலக் கம்பளி அளவுகோலில் 1 முதல் 8 வரையும் மதிப்பிடுவார்கள். இந்த எண்கள் உங்கள் போர்ட்ஃபோலியோவில் துணிக்குப் பக்கத்தில் இருந்தால், இது மாணவர் வேலைதான் என்று யாரும் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

புகைப்படத்துக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் மேடு பள்ளம் தெரியும். ஒரு படம் முழுத் துணி, ஒன்று மிக அருகில், ஒன்று மடிந்து விழும் நிலையில். தேர்வாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் தொட ஒரு தனிக் கோப்பு செய்து, மாதிரிகளின் மேல் ஓரத்தை மட்டும் அட்டையில் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் ஒட்டிய துணியைப் பின்பக்கம் திருப்பிப் பார்க்க முடியாது. அனுபவசாலிகள் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

வெளியே போனபின்

ஜவுளி வடிவமைப்பாளர் என்ற பெயரில் வரும் வேலைகளை மட்டும் தேடாதீர்கள். நிறக் கலைஞர், ஜவுளி மென்பொருள் வடிவமைப்பாளர், துணி கொள்முதல் அலுவலர், போக்கு ஆய்வாளர், தர ஆய்வகப் பணி, அருங்காட்சியகத் துணிகளைப் பாதுகாக்கும் பணி (இதற்கு மேற்படிப்பு வேண்டும்), மருத்துவ ஜவுளியிலும் மின்னணு இழைகளிலும் ஆராய்ச்சி, கற்பித்தல் என்று இந்தப் படிப்பு கொண்டுபோகும் இடங்கள் பல. சொந்தமாக நெய்து விற்க நினைப்பவர்கள் முதல் இரண்டு வருடம் ஏதாவது நிறுவனத்தில் வேலை பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆர்டர் எப்படி வருகிறது, விலை எப்படி நிர்ணயிக்கிறார்கள், தவறான நிறத்தில் வந்த முப்பது மீட்டரை யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் புரியும்.

படிப்பு முடிந்த மறுநாள் எல்லோருக்கும் வரும் அதிர்ச்சி, தறி இல்லை என்பது. அச்சு மேசையும் சாய ஆய்வகமும் இல்லை. அதற்கு முன்பே திட்டம் போடுங்கள். பழைய மேசைத் தறியோ வீட்டுப் பின்னல் இயந்திரமோ செகண்ட் ஹேண்டில் தேடி வாங்குங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு அறை எடுங்கள். நெதர்லாந்தின் டில்பர்க் ஜவுளி அருங்காட்சியகத்தில் உள்ள டெக்ஸ்டீல்லேப் போல, வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஆய்வுப் பட்டறைகளுக்கும், தங்கி வேலை செய்யும் கலைஞர் திட்டங்களுக்கும் விண்ணப்பியுங்கள்.

கடைசி வாரத்தில் ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். தேர்வுக்குக் கொடுத்த மாதிரிகள் கண்காட்சிக்குப் போகும், ஆசிரியரின் அலமாரிக்குப் போகும், நிறுவனம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளும். பல திரும்பி வருவதில்லை. கொடுக்கும் முன் ஒவ்வொரு துணியிலிருந்தும் உள்ளங்கை அளவு ஒரு கீற்று வெட்டி, குறிப்போடு உங்கள் நோட்டில் ஒட்டி, பக்கங்களைப் படமெடுத்து வேறோர் இடத்திலும் சேமித்துவிடுங்கள். அப்புறம் கத்தரிக்கோலைத் துடைத்து, கடன் வாங்கிய தறி அச்சை டெக்னீஷியனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.